கோடிப்புறத்துக் கொட்டில்

வசந்தம் வந்தால் பிரிட்டனில் மர ‘ஷெட்’ விற்பனை சூடு பிடிக்கும். கிடாரம் முதல் குழந்தை வண்டி வரை லண்டன் தமிழ் வீடுகளின் பாதிச் சாமான் அடைக்கலம் புகும் இடம் அது. எதைப் பார்த்து வாங்குவது? உள்ளே எதை வைப்பது, எதை வைக்கவே கூடாது?

சனிக்கிழமை காலை ஏழரை மணி. வடமேற்கு லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் பலகைச் சட்டங்களை ஒவ்வொன்றாக நடைபாதையில் சாய்த்துவைக்கிறார். கூரைக்கு ஒரு சுருள் தார்த்தாள், ஒரு பை நிறையத் திருகாணி, எழுத்தே இல்லாத படங்களால் ஆன செய்முறைத்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

வீட்டின் பின்புறத்தில் வேறு காட்சி. போன வாரம் பிரித்துப்போட்ட பழைய ஷெட்டின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் புல்தரையில் பரவிக் கிடக்கிறது. நூறு பேருக்குப் புக்கை காய்ச்சிய கிடாரம், இரண்டு குழந்தை வண்டிகள் (ஒன்றில் இருந்த பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில்), விமான நிறுவனச் சீட்டு இன்னும் கழற்றப்படாத சூட்கேஸ், துருப்பிடித்த புல்வெட்டி, அடிப்பக்கம் ஊறிப்போன ஒரு அட்டைப்பெட்டி. ஆறு மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார்.

“தம்பி, இதை எங்கை வைக்கப் போறியள்?”

“அந்தப் புல்லுக்கு மேலைதான் மாமி. பலகையாலை அடி அதோடையே வருது.”

“மண்ணிலை வைச்சால் கறையான் ஏறாதே?”

“இஞ்சை கறையான் இல்லை மாமி.”

மருமகன் சொன்னது சரிதான். பிரிட்டனில் கறையான் இயல்பாக வாழ்வதில்லை. டெவன் மாவட்டத்தின் சான்டன் கிராமத்தில் 1994-ல் ஒரே ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அரசு அதைத் துரத்திப்பிடித்து, 2021-ல்தான் முற்றாக ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் மாமியாரின் கேள்வியும் சரிதான். ஊரில் கறையான் செய்கிற வேலையை இங்கே ஈரமும் பூஞ்சையும் செய்கின்றன. வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நிலம்

ஷெட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கதவையும் ஜன்னலையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். அதன் ஆயுளை முடிவு செய்கிற பொருளோ கடையில் கண்காட்சிக்கு வைக்கப்படுவதே இல்லை. அது கொட்டிலுக்கு அடியில் இருக்கிற தரை.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை உளுக்கவைக்கும் பூஞ்சைகளால் பிழைக்க முடியாது. தஞ்சைப் பக்கத்தில் நெல் சேர்க்கும் பத்தாயத்தைக் கால்வைத்து உயர்த்தியவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை, ஆனால் அதன்படிதான் செய்தார்கள்: நிலத்தின் ஈரம் பலகையைத் தொடக் கூடாது, அடியில் காற்று ஓட வேண்டும். ஷெட்டுக்கும் அதே விதிதான். புல்மீது நேராக உட்காரவைத்த ஷெட்டின் அடிச்சட்டம் சில குளிர்காலங்களிலேயே மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

லண்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரின் பெரும்பகுதி களிமண்மேல் நிற்கிறது. மழைக்காலத்தில் அது ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய 2022 கோடையில் பல வீட்டுத் தோட்டங்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. ஒரு மூலை இரண்டு அங்குலம் இறங்கினால் போதும், சட்டம் கோணலாகிக் கதவு சிக்கும். ‘கதவு சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது தங்கள் வீட்டுத் தரையை.

நல்ல அடி என்பது சிக்கலான சங்கதி அல்ல. புல்லையும் மேல்மண்ணையும் வெட்டி எடுத்து, கல் நொறுக்கு போட்டு இடித்து, மேலே 75 முதல் 100 மில்லிமீட்டர் கான்கிரீட் ஊற்றலாம். அல்லது மட்டம் பார்த்துப் பாவுகல் பதிக்கலாம். சிறிய ஷெட்டுக்குச் சரளை நிரப்பும் பிளாஸ்டிக் கட்டங்களும் போதும். எதைச் செய்தாலும் அதன்மேல், மருந்தேற்றிய மரக்கட்டைகளைக் குறுக்கே வைத்து, அவற்றின்மேல்தான் தளப்பலகை உட்கார வேண்டும். வேலியிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருப்பது நல்லது. அந்த இடைவெளி காற்றுக்கு மட்டும் அல்ல. ஒரு ஆள் தூரிகையோடு நுழைந்து பின்சுவருக்கு மருந்தடிக்கவும் வேண்டும். வேலியோடு ஒட்டிவைத்த ஷெட்டின் பின்சுவரை வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் பார்த்ததே இல்லை. அது உளுத்ததும் யாருக்கும் தெரிவதில்லை.

அடியோடு பிணைத்துப் பூட்டவும் வேண்டும். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் வீசியபோது வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகக் காற்று பதிவானது. இங்கிலாந்தில் அதுவரை பதிவாகாத வேகம். அந்த மாதிரி நாளில், வெறுமனே வைத்த ஷெட் பாய்மரக் கப்பல்தான்.

[பெட்டிச் செய்தி]
அனுமதி தேவையா? – இங்கிலாந்துக் கணக்கு

தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் திட்ட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் எல்லைகள் உண்டு.
வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் ஷெட் இருந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தள்ளியிருந்தால் இரட்டைச் சாய்ப்புக் கூரைக்கு 4 மீட்டர், மற்றவற்றுக்கு 3 மீட்டர்.
வீட்டின் முகப்புக்கு முன்னால் வைக்கக் கூடாது. பிற்பாடு சேர்த்த கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து, மூல வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கவும் கூடாது.
அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்குத் தனி விதி. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கும் தனித்தனி விதிகள்.
15 சதுர மீட்டருக்குள், படுக்கை இல்லாத கொட்டிலுக்குப் பொதுவாகக் கட்டட விதிமுறைகளும் பொருந்தா. பலரும் வாங்கும் எட்டுக்கு ஆறடி ஷெட் 4.5 சதுர மீட்டரைக்கூடத் தொடாது.

வைரமேறாத மரம்

நம் ஊர்த் தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்து ‘வைரம் பாய்ஞ்சிருக்கு’ என்பார். யாழ்ப்பாணத்துக் கூரைகளைத் தாங்கிய பனஞ்சலாகைகள் அப்படிப்பட்டவை. பிரிட்டன் கடைகளில் விற்கும் மலிவு ஷெட்டோ வேகமாக வளர்ந்த பைன், ஸ்ப்ரூஸ் வகை மரம், பெரும்பாலும் வெளிறு. மருந்து இல்லாமல் அது நிற்காது. ஆகவே என்ன மரம் என்பதைவிட என்ன மருந்து, எப்படி ஏற்றியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தது ஒரு வகை. மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். வாங்கிய சில வாரங்களுக்குள் மேற்பூச்சு அடிக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தவறினால் உத்தரவாதம் போச்சு; அந்த நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும். இன்னொரு வகையில், காற்றை உறிஞ்சி அழுத்தத்தில் மருந்தை மரத்துக்குள் செலுத்துகிறார்கள். இலேசான பச்சைச் சாயலை வைத்து அடையாளம் காணலாம். விலை கூடுதல், பராமரிப்பு குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில், தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் என்று ஓடுகிற குடும்பம் ஆண்டுதோறும் தூரிகை எடுக்கப்போவதில்லை. அவர்களுக்கு இரண்டாவதே மலிவு.

சுவரிலும் இரண்டு சாதி. ‘ஓவர்லாப்’ என்பது ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகைமேல் படுத்திருப்பது. மெல்லியது. வெயிலில் வளைந்தால் இடுக்கு விழும், அதன் வழியே மழை சாரலடிக்கும். ‘டங் அண்ட் க்ரூவ்’ என்பதில் ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் நுழைந்து கடித்துக்கொள்ளும். பலகையும் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஓவர்லாப் ஷெட் சில நூறு பவுண்டுக்கே கிடைத்துவிடும். கனமான, மருந்தேற்றிய டங் அண்ட் க்ரூவ் ஆயிரத்தைத் தாண்டும். பூச்சட்டியும் மண்வெட்டியும் வைப்பதற்கு ஓவர்லாப் தாராளமாகப் போதும். இரண்டு சைக்கிளும் ஒரு தையல் மெஷினும் உள்ளே போகப்போகின்றன என்றால் அதைப் பார்க்கவே வேண்டாம்.

கூரையிலும் தளத்திலும்தான் கடைக்காரர்கள் கஞ்சத்தனத்தை ஒளித்துவைக்கிறார்கள். மரச்சிராயைப் பசையிட்டு அழுத்திய ஓஎஸ்பி தகடு, ஓரத்தில் தண்ணீர் குடித்தால் ரொட்டிபோல உப்பும். அதன்மேல் ஒட்டும் தார்த்தாள் சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கும். ஒரே துண்டாக விரிக்கும் இபிடிஎம் ரப்பர் விரிப்பு அதைவிட நெடுங்காலம் தாங்கும். கூரையின் வடிவம் ருசியைப் பொறுத்தது. நடுவில் உயர்ந்த ‘ஏபெக்ஸ்’ வாங்கினால் தலை இடிக்காது. ஊரில் பத்தி இறக்குவதுபோல ஒரே பக்கம் சாய்ந்த ‘பென்ட்’ வாங்கினால் உயரமான சுவர் முழுவதிலும் தட்டு அடிக்கலாம்.

அளவைப் பற்றி ஒரு சொல். சிறிதாக இருக்கிறது என்று வருந்துகிறவர்கள் அதிகம், பெரிதாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களைத் தேட வேண்டும். இருந்தாலும் ஒன்பதடி இடத்தில் எட்டடி ஷெட்டைத் திணிக்கக் கூடாது. கதவு திறக்கவும் இடம் வேண்டும், ஆள் சுற்றிவரவும் இடம் வேண்டும்.

நாடகமும் கதையும் பிறந்த இடம்

ஆங்கிலேயருக்கு ஷெட் வெறும் சாமான் அறை அல்ல. பெர்னாட் ஷா ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் ஆயட் செயின்ட் லாரன்ஸ் வீட்டுத் தோட்டத்தில், வெயில் போகிற பக்கம் திருப்பிக்கொள்ளக் கூடிய சுழலும் குடிலில் உட்கார்ந்து எழுதினார். குடிலுக்கு ‘லண்டன்’ என்று பெயர். வேண்டாத விருந்தாளி வந்தால் வீட்டார் பொய் சொல்லாமலே ‘ஐயா லண்டனில் இருக்கிறார்’ என்று அனுப்பிவிடலாம். சிறுவர் கதை மன்னர் ரோல்ட் டால், கவிஞர் டிலன் தாமஸின் எழுத்துக் கொட்டிலைப் பார்த்துவிட்டு கிரேட் மிசெண்டனில் தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். சைமன் ஸ்டார்லிங் என்ற கலைஞர் ஒரு ஷெட்டைப் பிரித்துப் படகாக்கி, ரைன் நதியில் பாசல் நகர்வரை ஓட்டிப் போய், மறுபடி ஷெட்டாக்கினார். 2005-ல் டர்னர் பரிசு அதற்குத்தான். 2007 முதல் ‘ஆண்டின் சிறந்த ஷெட்’ என்று போட்டியே நடக்கிறது.

உள்ளே யார், வெளியே யார்?

லண்டன் தமிழ் வீட்டில் ஷெட்டின் வேலை வேறு. மூன்று படுக்கையறை வீட்டில் ஆறு பேர். பரண் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. திருவிழாவுக்கு வேண்டியது, விருந்துக்கு வேண்டியது, ‘ஊருக்கு அனுப்பலாம்’ என்று எடுத்துவைத்தது, யாரோ ஒரு சொந்தக்காரர் வீடு மாறும்போது ‘கொஞ்ச நாளைக்கு’ என்று விட்டுப்போனது எல்லாம் கோடிப்புறம் போய்ச் சேர்கின்றன. தூக்கியெறிய மனம் வராத சாமானுக்கு ஷெட் ஒரு தவணை.

ஆகவே அடுக்குகிற வேலை ஷெட் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் புல்தரையில் பரப்பிப் பார்த்தால்தான் கண்ணுக்கு எட்டும். வாரந்தோறும் எடுப்பது கதவோரம்: புல்வெட்டி, சைக்கிள், மண்வெட்டி. ஆண்டுக்கு இரண்டு தடவை எடுப்பது பின்சுவரில். கனமானது கீழே, ஆனால் தளத்தில் நேராக அல்ல, ஒரு பலகை உயரத்தில். கதவிலிருந்து பின்சுவர்வரை ஒரு ஆள் நேராக நடந்துபோகும் பாதையைச் சாமான் வைக்காத பூமியாக அறிவித்துவிட வேண்டும். இந்தப் பாதை மூடிய அன்று ஷெட் குப்பைக் கிடங்காகிவிடும். பின்னாலிருப்பதை எடுக்க முடியாததால் புதிதாக இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் உள்ளே போகும்.

சுவர்தான் பலர் கண்ணில் படாத சொத்து. நீளப்பிடிக் கருவிகளை இரண்டு ஆணிக்கு நடுவே தலைகீழாகத் தொங்கவிட்டால் தரை மிச்சம். ஆனால் தட்டுகளைச் சட்டக்கட்டையில் அடிக்க வேண்டும். பலகையில் அடித்தால் ஆணி மறுபக்கம் வெளியே எட்டிப்பார்க்கும், அந்தத் துளைவழியே மழையும் வரும்.

அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைக் குடிக்கும், எலிக்கு மெத்தையாகும். மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி நல்லது. நன்றாகக் காய்ந்த பொருளை மட்டும் அதில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பெட்டிக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். பகலில் சூடான காற்று, தெளிந்த குளிர் இரவில் கூரையின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். அதனால்தான் ஒழுகாத ஷெட்டுக்குள்ளும் சாமான் நனைகிறது. எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இரண்டு காற்றுத்துளை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தகரக் கொட்டிலைவிட மரம் இந்த விஷயத்தில் மேல். அது ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பிறகு விடும்.

எது போகக் கூடாது? மிருதங்கமும் வீணையும் முதலில். தோலும் பலாமரமும் ஈரக் குளிரில் ஒரே குளிர்காலத்தில் குணம் மாறிவிடும். பட்டுச்சேலை, போட்டோ ஆல்பம், பிறப்புச் சான்றிதழ், மெத்தை எதுவும் வேண்டாம். சலுகை விலையில் வாங்கிய 20 கிலோ அரிசி மூட்டையும் வேண்டாம். அது எலிக்கு அனுப்பும் அழைப்பிதழ். தண்ணீரில் கரையும் பெயிண்ட் ஒரு தடவை உறைந்தால் திரிந்துபோகும். இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் துணியில் சுற்றாமல் வைத்தால் வசந்தத்தில் செம்மண் நிறத்தில் எடுக்கலாம். அலுமினியக் கிடாரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எலிச் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் பரவும் என்பதால், மூடிவைப்பதும் எடுத்ததும் கொதிநீரில் கழுவுவதும் கட்டாயம்.

கறிவேப்பிலைச் செடியைக் குளிருக்கு ஷெட்டுக்குள் வைத்துவிட்டு மார்ச்சில் குச்சியை எடுத்து அழுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஷெட் காற்றைத் தடுக்கும், உறைபனியைத் தடுக்காது. வெளிச்சமும் இல்லை. செடிக்கு இடம் வீட்டுக்குள், ஜன்னலோரம்.

[பெட்டிச் செய்தி]
தீப்பெட்டிக்குள் தீ

புல்வெட்டிக்கு வேண்டிய பெட்ரோலை வீட்டில் 30 லிட்டர்வரை அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் வைக்கலாம் என்கிறது பிரிட்டனின் 2014 பெட்ரோலிய விதி. பிளாஸ்டிக் கலம் ஒன்றில் 10 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகக் கலத்தில் 20.
விருந்துச் சமையலுக்கு வாங்கிய கேஸ் சிலிண்டரை ஷெட்டுக்குள் வைக்கவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். திறந்த வெளியில், நிமிர்த்தி வைப்பதே முறை.
மின்சைக்கிள் பேட்டரித் தீ லண்டனில் வேகமாகப் பெருகிவரும் ஆபத்து என்று நகரத் தீயணைப்புப் படை எச்சரித்து வருகிறது. ஷெட்டுக்குள் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுத் தூங்கப் போகக் கூடாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதைக் கெடுக்கும்.

பூட்டு தொங்கும், கதவு கழன்றுவரும்

பல ஷெட்களில் பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் கதவின் கீல் வெளிப்பக்கம், சாதாரணத் திருகாணியில். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டைத் தொடாமலே கதவைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். கீலையும் தாழ்ப்பாளையும் மரத்தைத் துளைத்துப்போய் உள்ளே நட் போட்டு முடுக்கும் ‘கோச் போல்ட்’டால் பொருத்த வேண்டும். ஜன்னலுக்குத் திரை வேண்டும். ஜன்னலே இல்லாத ஷெட் இன்னும் நல்லது. சைக்கிளைத் தரைக் கான்கிரீட்டில் பதித்த வளையத்தோடு பூட்டலாம் (இதற்கும் அடி வேண்டும், பாருங்கள்). வீட்டுக் காப்புறுதி பல நேரம் வெளிக்கொட்டில் சாமானுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கும். அதைத் திருட்டுக்குப் பிறகு படிப்பவர்களே அதிகம்.

கட்டில் போட்டால் கதை மாறும்

ஷெட்டைப் பற்றிப் பேசும்போது லண்டனில் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. வாடகை ஏற ஏற, தோட்டத்துக் கொட்டிலில் கட்டில் போட்டு ஆள் வைப்பது. புதிதாக வந்திறங்கியவர்கள், விசா சிக்கலில் இருப்பவர்கள், மாணவர்கள் இவற்றில் அகப்படுகிறார்கள். 2013-ல் லண்டனுக்கு மேற்கே ஸ்லோ நகரசபை விமானத்தில் வெப்பப்படக் கருவியைப் பொருத்தி இரவில் பறக்கவிட்டது. வெறும் கொட்டில் குளிர்ந்து கிடக்கும், ஆள் இருக்கிற கொட்டில் படத்தில் ஒளிரும். சந்தேகத்துக்குரியவை என்று எண்ணப்பட்டவை 6000-க்கும் மேல்.

படுக்கை வந்த கணமே அனுமதிச் சலுகையும் கட்டட விதிவிலக்கும் போய்விடுகின்றன. புகை எச்சரிக்கை மணி இல்லை, இரண்டாவது வழி இல்லை, மரச்சுவருக்குள் ஒரு மின்னடுப்பு. நான்கு ஆண்டு கண்டுபிடிக்கப்படாமல் ஓட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் நகரசபை நடவடிக்கை எடுப்பதற்கான கால எல்லை பத்து ஆண்டு. ஊரிலிருந்து வந்த உறவினர் என்றாலும் இதே சட்டம்தான். கோடைப் பகலில் பேரப்பிள்ளைகளோடு மாமியார் அங்கே உட்கார்ந்து பாக்கு இடிப்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய கொட்டிலைப் பிரிக்கும்போதும் ஒரு கண் வேண்டும். சாம்பல் நிற அலைத்தகடு கூரையாக இருந்தால் அது கல்நார் சிமெண்டாக இருக்கலாம். பிரிட்டன் கல்நாரை முழுமையாகத் தடைசெய்தது 1999-ல். அதற்கு முந்திய கூரையை உடைக்கவோ துளைக்கவோ கூடாது. அகற்றும் வழியை உள்ளூர் நகரசபையிடம் கேட்க வேண்டும். பழைய பச்சைப் பலகையை எரித்துக் குளிர்காய்வதும் ஆபத்து. 2004-க்கு முன் ஏற்றிய மரமருந்தில் ஆர்சனிக் இருந்திருக்கலாம். எரித்தாலும் அது அழியாது, சாம்பலிலும் புகையிலும் இருக்கும்.

ஹாரோவில் மதியம் இரண்டு மணி. மச்சான் வந்துவிட்டார். கையில் ரசமட்டக் கோல். புல்மேல் வைத்துப் பார்க்கிறார். குமிழி ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே நிற்கிறது.

“அத்தான், இது சரிவராது. வெட்டி அடி போடத்தான் வேணும்.”

வானம் மேற்கே கறுக்கிறது. பலகைச் சட்டங்களை வேலியோரம் செங்கல்மேல் தூக்கிவைத்துத் தார்ப்பாய் போர்த்துகிறார்கள். பாய் பறக்காமலிருக்க மேலே வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும். மாமியார் கிடாரத்தைக் காட்டுகிறார்.